பழைய 45 வாட் ரிசீவருக்குப் புது 6 ஓம் ஸ்பீக்கர்: பவர் ஒத்துப்போகுமா?

வினைல்விரும்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1970-களின் கடைசியில் வந்த ஸ்டீரியோ ரிசீவர். மேனுவலில் போட்டிருப்பது இப்படி: சேனலுக்கு 45 வாட், இரண்டு சேனலும் சேர்ந்து இயங்கும்போது, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்கு மேல் போகாமல். கீழே தனி வரியில் 4 ஓமுக்கு 55 வாட் என்று இருக்கிறது. அது 1,000 ஹெர்ட்ஸில் மட்டும் எடுத்த கணக்கு. பின்பக்கம் ஸ்பீக்கர் டெர்மினலுக்கு மேலே "ஏ அல்லது பி: 4–16 ஓம், ஏ+பி: 8–16 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. (ஏ, பி என்பவை இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கான தனித்தனி இணைப்புகள்.)

வாங்க நினைக்கும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரின் விவரம்: 5 அங்குல வூஃபர் (தாழ் ஒலிகளுக்கானது), சென்சிட்டிவிட்டி 86 டெசிபெல் (2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம்), இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) 6 ஓம், குறைந்தபட்சம் 3.7 ஓம், பரிந்துரைக்கும் ஆம்ப் பவர் 40–120 வாட். உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து சுமார் 3 மீட்டர். டர்ன்டேபிள் ஃபோனோ இன்புட்டில், ஒரு டிஏசி (டிஜிட்டல் இசையை அனலாக் ஆக்கும் கருவி) ஆக்ஸ் இன்புட்டில்.

என் சந்தேகங்கள். குறைந்த வாட் ஆம்ப்தான் ட்வீட்டரை (உயர் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரை) எரிக்கும் என்று பல இடங்களில் படித்தேன். 120 வாட் வரை தாங்கும் ஸ்பீக்கருக்கு 45 வாட் ஆபத்தா? 6 ஓம் ஸ்பீக்கரை இந்த ரிசீவர் தாங்குமா? பழைய 8 ஓம் ஸ்பீக்கர்களை பி-யில் வைத்து, சில நேரம் ஏ+பி போட்டுக் கேட்கலாமா?

—

ஓம்விதி எழுதியது:

45 வாட் போதும். உங்கள் பட்டியலில் நின்று பார்க்க வேண்டிய எண் 120 அல்ல, 3.7.

ஸ்பீக்கர் அட்டையில் வரும் "40–120 வாட்" என்ற வரி ஒரு வழிகாட்டி மட்டும்தான். கீழ் எண், சாதாரண அறையில் திருப்தியான சத்தம் வர இவ்வளவு இருந்தால் நல்லது என்கிறது. மேல் எண், கிளிப் ஆகாத (ஆம்ப்பின் எல்லையில் முட்டி வெட்டுப்படாத) இசையின் உச்சங்களுக்கு இவ்வளவு வரை விடலாம் என்கிறது. 120 வாட்டைத் தொடர்ந்து கொடுத்தால் அந்த 5 அங்குல வூஃபரின் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) தாங்காது.

இனி வாட்டை விட்டுவிட்டு வோல்ட்டில் யோசியுங்கள். ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். அதற்கு எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பதை ஸ்பீக்கர் முடிவு செய்கிறது. 8 ஓமில் 45 வாட் என்றால் 45-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 360-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 19 வோல்ட். ஸ்பீக்கரின் 86 டெசிபெல் 2.83 வோல்ட்டுக்குச் சொன்னது. 19 என்பது 2.83-ஐப் போல 6.7 மடங்கு, டெசிபெல்லில் 16.5. ஆக ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டரில் 102.5 டெசிபெல் தரும். 3 மீட்டர் தள்ளிப் போனால் திறந்த வெளியில் 9.5 டெசிபெல் குறையும். மூடிய அறையில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் 6, 7 தான் குறையும். இரண்டாவது ஸ்பீக்கர் ஒரு 3 டெசிபெல் சேர்க்கும். உட்காரும் இடத்தில் உச்சம் 98 பக்கம் வருகிறது. இசையின் சராசரி அளவு உச்சத்துக்கு 12 முதல் 15 டெசிபெல் கீழே ஓடும் என்று வைத்தால் சராசரி 83 முதல் 86. தினம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை என்று அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. வீட்டில் கேட்க இதற்கு மேல் தேவைப்படாது.

இதே ஸ்பீக்கருக்கு 120 வாட் ஆம்ப் போட்டால் கூடுவது 4.3 டெசிபெல். வித்தியாசம் தெரியும், ஆனால் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்றாது. அதற்கு 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும். சத்தம்தான் குறை என்றால் பெரிய ஆம்ப்பைவிட 90 டெசிபெல் ஸ்பீக்கரைத் தேடுவது மேல். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 45 வாட் தருவதை 86 டெசிபெல் ஸ்பீக்கரிடம் வாங்க 113 வாட் வேண்டும்.

இப்போது அந்த 3.7 ஓம். உங்கள் ரிசீவரின் 4 ஓம் எண்ணைப் பாருங்கள். வோல்டேஜ் சரியாமல் நின்றிருந்தால் 8 ஓமில் 45 தரும் ஆம்ப் 4 ஓமில் 90 தர வேண்டும். 55 தான் தருகிறது. 55-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.8 வோல்ட். அதாவது கரண்ட் கூடும்போது பவர் சப்ளை இறங்குகிறது, அல்லது புரொடெக்ஷன் சர்க்யூட் கையைப் பிடிக்கிறது. சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் இம்பீடன்ஸ் அடிமட்டம் தொடுவது பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள். ஆண் குரல், செல்லோ, மிருதங்கத்தின் இடந்தலை எல்லாம் குவியும் இடம் அது. அங்கே உங்கள் கூரை 19 அல்ல, 14.8 வோல்ட். மேலே சொன்ன 98-இல் 2 டெசிபெல் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் போதுமான சத்தம்தான், ஆனால் நிஜக் கணக்கு இதுதான்.

இன்னொன்று. சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பான ஐஇசியின் 60268-5 தரத்தின்படி குறைந்தபட்ச இம்பீடன்ஸ், அட்டையில் போடும் இம்பீடன்ஸில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 6 ஓம் என்று போட்டால் 4.8 தான் எல்லை. 3.7 வரை இறங்கும் ஸ்பீக்கரை 4 ஓம் என்றே அழைக்க வேண்டும். 4 ஓம் என்று மனதில் வைத்து எல்லாக் கணக்கையும் போடுங்கள். உங்கள் ரிசீவரில் 4–16 என்று அச்சிட்டிருப்பதால் ஒரு ஜோடிக்கு அனுமதி உண்டு. 8–16 என்று மட்டும் போட்டிருந்தால் இந்த ஸ்பீக்கரை வேண்டாம் என்றே சொல்வேன்.

ரிசீவரின் 45 வாட்டை நம்பலாம். அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் விதி 1974-இல் வந்தபோது, விளம்பரத்தில் பவர் எண் போட்டால் தொடர் பவர், ஓம், அதிர்வெண் வரம்பு, டிஸ்டார்ஷன் எல்லாம் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும் என்பதும் அப்போதைய நிபந்தனை. உங்கள் மேனுவலின் வாசகம் அந்த அச்சில் வந்ததுதான். அதற்கு முந்தைய காலத்து "மியூசிக் பவர்", "பீக் பவர்" எண்களை வைத்து இப்படிக் கணக்குப் போட முடியாது.

—

சுழலும்தட்டு எழுதியது:

ஏ+பி பற்றி ஒரு குறிப்பு. சில ரிசீவர்களில் ஏ+பி போட்டால் இரண்டு ஜோடியும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேரும். அப்படியானால் 6 + 8 = 14 ஓம்; ஆம்ப்புக்கு ஆபத்து இல்லை. முதலில் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஏ-யில் மட்டும் ஸ்பீக்கரை மாட்டி, பி-யைக் காலியாக விட்டு, சுவிட்சை ஏ+பி-யில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் வந்தால் பேரலல் (பக்கம் பக்கமாக இணைந்தவை). ஒன்றுமே வராவிட்டால் சீரிஸ்.

—

ஓம்விதி எழுதியது:

நல்ல சோதனை. ஆனால் இவருடையது பேரலல் என்பதைப் பின்பக்க அச்சே சொல்லிவிடுகிறது. "ஏ+பி: 8–16" என்று ஏன் கேட்கிறார்கள்? இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஓம். அதுதான் ஆம்ப்பின் கீழ் எல்லை. சீரிஸாக இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டுக்கே வேலையில்லை.

6-ம் 8-ம் பேரலலில் 3.4 ஓம். அது பெயரளவு. அடிமட்டத்தில் புது ஸ்பீக்கர் 3.7, பழையது 6 என்று வைத்தால் 2.3 ஓம். 8 ஓமுக்கு வடிவமைத்த அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் அந்த நேரத்தில் மூன்றரை மடங்கு கரண்ட் தர வேண்டும். மெதுவாகக் கேட்கும்போது தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் ஹீட்சிங்க் கொதிக்கும், ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழும், அல்லது ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும். இவருக்கு ஏ+பி கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு ஜோடி.

சீரிஸ் வகையிலும் கேட்பதற்கு நல்லதல்ல. ஒவ்வொரு ஸ்பீக்கரும் மற்றதன் இம்பீடன்ஸ் வழியாக ஆம்ப்பைப் பார்க்கிறது. அந்த இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும்போது இரண்டின் ஒலியும் சேர்ந்து மாறும், பாஸ் தளர்ந்து போகும்.

—

சாலிடர்புகை எழுதியது:

பவர் கணக்கு சரி. நாற்பது வருடத்துக்கு மேலான ரிசீவரில் புது ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. வாட் பொருந்தாமல் போன ஸ்பீக்கர்களைவிட, ரிசீவரிலிருந்து டிசி (நேர்மின்னோட்டம்) வந்து போன ஸ்பீக்கர்கள் அதிகம்.

ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமை முழுக்கக் குறைத்து, ரிசீவரை 15 நிமிடம் ஓட விடுங்கள். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் பிளஸ், மைனஸ் டெர்மினலுக்கு இடையே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் காரணம் கண்டுபிடிக்காமல் புது ஸ்பீக்கரைப் போடாதீர்கள். எண் எவ்வளவு என்பதோடு அது நிலையாக நிற்கிறதா என்பதும் முக்கியம். 30-இல் நிற்பதைவிட 10-க்கும் 80-க்கும் இடையே தாவிக்கொண்டிருப்பது மோசம். ஆம்ப்பின் நுழைவில் உள்ள டிஃபரன்ஷியல் ஜோடியில் ஒரு ட்ரான்சிஸ்டரோ, ஆஃப்செட் ட்ரிம்பாட்டோ (அந்த டிசியைச் சரிசெய்யும் சிறு திருகு ரெசிஸ்டர்) போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்விட்ச் போட்டதும் ரிலே "டக்" என்று ஒட்ட சில வினாடி ஆக வேண்டும். அந்தத் தாமதம் இல்லாமல் உடனே ஒட்டினாலோ, ரிலேயை யாராவது பைபாஸ் செய்திருந்தாலோ, உங்கள் ஸ்பீக்கருக்குக் காவல் இல்லை. குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மங்கி, வால்யூமைத் தூக்கினால் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் ரிலே காண்டாக்ட் கறுத்திருக்கும், அல்லது ஏ/பி சுவிட்சில் ஆக்சைடு. சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர் விட்டு, மின்சாரம் இல்லாத நிலையில் இருபது தடவை திருப்பினால் சரியாகும். ரிலேயை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள்; மேல் பூச்சு போனால் சில மாதத்தில் இன்னும் மோசமாகும். காயில் வோல்டேஜ், கால் அமைப்பு இரண்டையும் பார்த்து அதே அளவு புது ரிலே போடுவதுதான் வழி.

பின்பக்கம் "ப்ரீ அவுட்" (வால்யூம் பகுதியின் வெளியீடு), "மெயின் இன்" (பவர் பகுதியின் உள்ளீடு) இரண்டையும் இணைக்கும் U வடிவ உலோக ஜம்பர்கள் இருந்தால், மின்சாரத்தை எடுத்துவிட்டு அவற்றைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஒரு சேனல் விட்டு விட்டு வருவதற்கு இது அடிக்கடி காரணம். ரிசீவர் ஓடும்போது மட்டும் இவற்றைத் தொடாதீர்கள். ஒரு பெரிய ஹம் (உறுமல்) நேராக வூஃபருக்குப் போகும்.

உள்ளே திறந்து பயாஸ் (இசை இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட்) பார்க்கத் தெரிந்தவர்கள் அதையும் பாருங்கள். எமிட்டர் ரெசிஸ்டர் முனைகளில் எத்தனை மில்லிவோல்ட் என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். உதாரணத்துக்கு 0.47 ஓம் ரெசிஸ்டரில் 20 மில்லியாம்ப் ஓடினால் 9.4 மில்லிவோல்ட். பழைய திறந்த ட்ரிம்பாட்டுகளில் நடுக்கால் தொடர்பு விட்டால் பல வடிவமைப்புகளில் பயாஸ் எகிறிவிடும். ஓடும்போது அதைத் திருகிப் பார்ப்பது ஆபத்து. இருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, அணைத்து, கழற்றி அளந்து, மூடிய வகை புதியதைப் போடுங்கள். அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 40 வோல்ட் பக்கம் நிற்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை காப்பிட்ட வயரில் பிடித்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின் கை வையுங்கள். இது பழக்கமில்லையென்றால் மூடியைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து அளப்பது போதும்.

வோல்டேஜ் செலக்டர் உள்ள ரிசீவர் என்றால் அது உங்கள் லைனுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 220-இல் வைத்து 240-இல் ஓட்டினால் உள்ளே எல்லா சப்ளையும் 9 சதவீதம் ஏறும், அவ்வளவும் சூடு.

வயர்: இந்த வயது ரிசீவர்களின் ஸ்பிரிங் டெர்மினலில் தடித்த வயர் நுழையாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். 5 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர 10 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.12 ஓம், 4 ஓமில் 3 சதவீதம். அதற்கு மேல் தூரம் என்றால் 2.5. ஓட்டைக்குள் போகாத வயருக்கு நுனியில் பின் கனெக்டர் போடுங்கள், இழைகளை வெட்டிச் சிறிதாக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

—

கிராஸோவர் எழுதியது:

ட்வீட்டர் எரியும் விஷயத்துக்கு வருகிறேன். "குறைந்த வாட் ஆம்ப் ஆபத்து" என்பது பாதி உண்மை. காரணமாகச் சொல்லப்படுவதுதான் பெரும்பாலும் தவறு.

கிளிப் ஆகும்போது அலை சதுரமாகி ஹார்மானிக்ஸ் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் கூடுதல் ஒலிகள்) கிளம்பும், அவை ட்வீட்டரை எரிக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 வாட் ஆம்ப் முழுச் சதுர அலை கொடுத்தால் அதிகபட்சம் 90 வாட். 100 ஹெர்ட்ஸ் சதுர அலையில் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும் ஹார்மானிக்ஸ் எல்லாம் சேர்ந்தும் மொத்த சக்தியில் 1.4 சதவீதம்தான். 1.2 வாட் சொச்சம். அதனால் மட்டும் ட்வீட்டர் எரியாது.

எரிப்பது சராசரி. ட்வீட்டர் வாய்ஸ் காயில் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான். சாதாரண இசையில் அதற்குப் போவதும் அவ்வளவுதான், ஏனென்றால் சக்தியில் பெரும்பங்கு பாஸில் இருக்கிறது. வால்யூமைக் கூட்டும்போது முதலில் கூரையில் முட்டுவது பாஸ். அதற்கு மேல் 6, 10 டெசிபெல் தூக்கினால் பாஸ் அங்கேயே நிற்கும். நடுவும் ட்ரெபிளும் தொடர்ந்து ஏறும். 10 டெசிபெல் என்றால் ட்வீட்டருக்குப் பத்து மடங்கு. அதோடு ட்ரெபிள் குமிழைத் தூக்கி, இரண்டு மணி நேரம் ஓட்டினால் காயில் போய்விடும். 120 வாட் ஆம்ப்பிலும் இதே மாதிரி ஓட்டினால் இன்னும் சீக்கிரம் எரியும். ஆகவே 45 வாட் குற்றவாளி அல்ல. கிளிப் ஆனது காதுக்குத் தெரிந்த பிறகும் குமிழைத் திருப்புவதுதான் காரணம்.

பழைய ரிசீவரில் கிளிப்பிங் எப்படிக் கேட்கும்? டிரம் அடிக்கும் கணத்தில் குரல் கரகரக்கும், சிம்பல் ஒலி ஒன்றோடொன்று ஒட்டி மொத்தையாகும். "டப், டப்" என்று கூர்மையாக வெடித்தால் அது வேறு: கரண்ட் லிமிட்டர் சர்க்யூட் வேலை செய்கிறது. இம்பீடன்ஸ் தாழ்ந்து, ஃபேஸ் கோணமும் (வோல்டேஜும் கரண்டும் முன்பின்னாக வருவது) சேர்ந்த ஸ்பீக்கர்களில்தான் இது வரும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே குறையுங்கள்.

உங்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: குமிழின் நிலை பவர் அல்ல. அந்தக் காலத்து ஆக்ஸ் இன்புட் 150 மில்லிவோல்ட்டுக்கு முழுப் பவர் தரும்படி செய்தது. டிஏசி தருவது 2 வோல்ட், 22.5 டெசிபெல் கூடுதல். டர்ன்டேபிளில் பாதிக் குமிழில் கேட்டுப் பழகியவர்கள், டிஏசியில் எட்டு, ஒன்பது மணி நிலையிலேயே முழுப் பவரைத் தொட்டுவிடுவார்கள். குமிழின் அடிப்பகுதியில் இரண்டு சேனலும் சமமாக இருக்காது என்பது அடுத்த தொல்லை. வழி எளிது: டிஏசியின் டிஜிட்டல் வால்யூமை 12 டெசிபெல் குறையுங்கள். அது முடியாவிட்டால் ஒவ்வொரு சேனலிலும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் சீரிஸில், 3.3 கிலோஓம் ரிசீவர் பக்கம் கிரவுண்டுக்கு. 50 கிலோஓம் இன்புட்டில் இது 12.5 டெசிபெல் குறைக்கும்.

லவுட்னஸ் பட்டனை இரவில் மெதுவாகக் கேட்கும்போது மட்டும் போடுங்கள். அடிப் பாஸை அது 10 டெசிபெல் தூக்கினால் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு பவர் கேட்கிறது. 4 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப் 40-க்குப் போகும். 5 அங்குல வூஃபருக்கு அந்தப் பாஸை அசைக்கும் இடமும் இல்லை.

நீங்கள் நிஜமாக எத்தனை வாட் பயன்படுத்துகிறீர்கள் என்று அளந்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. ஒரு மல்டிமீட்டரும், 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஃபைலும் வேண்டும். டோன் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே பதிவானதாக இருக்கட்டும். டோன் கண்ட்ரோல் நடுவில், லவுட்னஸ் ஆஃப். டிஏசி வழியாக, உங்களிடம் இருப்பதில் சத்தம் குறைவாகப் பதிவான இசையைப் போட்டு, எப்போதாவது கேட்கும் அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள். இசையை நிறுத்துங்கள், குமிழைத் தொடாதீர்கள். ரிசீவரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, மறுபடி போட்டு டோனை ஓட்டுங்கள். டெர்மினலில் ஏசி வோல்டேஜை அளந்து 4-ஆல் பெருக்குங்கள். இசையின் உச்சம் கேட்கும் வோல்டேஜ் அதுதான். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் லோடு இல்லாமல் ஓடுவதில் பாதகமில்லை. வால்வு ஆம்ப்பில் இதைச் செய்யாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும்.

இப்போதுள்ள ஸ்பீக்கரை வைத்து அளந்தால், புதியதன் சென்சிட்டிவிட்டி வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். பழையது 89, புதியது 86 என்றால் கிடைத்த வோல்டேஜை 1.41-ஆல் பெருக்குங்கள்.

—

வினைல்விரும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தேன். டிசி: இடது 14 மில்லிவோல்ட், வலது 58; இரண்டும் அசையாமல் நிற்கின்றன. ரிலே சில வினாடி தாமதித்துத்தான் ஒட்டுகிறது. புது ஸ்பீக்கர் இரண்டு நாள் இரவலாகக் கிடைத்ததால் அதிலேயே டோன் சோதனை: 3.1 வோல்ட். அதற்கு மேல் நான் கேட்கப் போவதில்லை.

இரண்டு கேள்விகள். வலது பக்க 58 பரவாயில்லையா? பிற்பாடு ஒரு பவர்டு சப்வூஃபர் (அடிப் பாஸுக்கு மட்டுமான, தன் ஆம்ப்போடு வரும் ஸ்பீக்கர்) சேர்த்தால் ரிசீவரின் பாரம் குறையுமா? ப்ரீ அவுட், மெயின் இன் இரண்டும் இருக்கின்றன. மெயின் இன் இன்புட் இம்பீடன்ஸ் 50 கிலோஓம் என்று மேனுவல் சொல்கிறது.

—

சாலிடர்புகை எழுதியது:

58 நிலையாக நின்றால் ஸ்பீக்கருக்குக் கெடுதல் இல்லை. 5 ஓம் டிசி ரெசிஸ்டன்ஸ் உள்ள ஸ்பீக்கரில் அது 12 மில்லியாம்ப். வாட் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் மாடலில் ஆஃப்செட் ட்ரிம்பாட் இருந்தால் அடுத்த சர்வீஸில் சரி செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். 58 அடுத்த முறை 90 ஆனால் அதுதான் எச்சரிக்கை.

மேலே 10 சென்டிமீட்டர் காற்று இடம் விடுங்கள். 4 ஓம் லோடில் ஹீட்சிங்க் முன்னைவிடச் சூடாகும். ரிசீவருக்கு மேல் டர்ன்டேபிளோ டிஏசியோ வைக்க வேண்டாம். இந்த ரிசீவர் போன்ற கிளாஸ் ஏபி வகை ஆம்ப் (ஏ/பி சுவிட்சோடு இதற்குச் சம்பந்தமில்லை) அதிகம் சூடாவது முழுப் பவரில் அல்ல, அதற்குப் பாதியளவில். அதனால் "நடுத்தரமாகத்தானே ஓட்டுகிறேன்" என்று மூடிய அலமாரிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

—

ஓம்விதி எழுதியது:

3.1-ஐ 4-ஆல் பெருக்கினால் 12.4 வோல்ட். 8 ஓம் கணக்கில் 19 வாட். 8 ஓம் கூரையான 19 வோல்ட்டுக்கு 3.7 டெசிபெல் இடைவெளி. 4 ஓம் கூரையான 14.8-க்கு 1.5 டெசிபெல்தான். உச்சத்தில் 3.7 ஓமில் இழுக்கும் கரண்ட் 4.7 ஆம்பியர். பொருந்துகிறது, ஆனால் தாராளமாக இல்லை. டோன் கண்ட்ரோல் நேராக இருக்கும்வரை கவலையில்லை. பாஸ் குமிழை 3 டெசிபெல் தூக்கினால் இந்த இடைவெளி முழுக்கப் போய்விடும். ஸ்பீக்கரை வாங்குங்கள், பாஸ் குமிழை நடுவில் விடுங்கள்.

—

கிராஸோவர் எழுதியது:

சப்வூஃபர் சேர்த்தால் மட்டும் ரிசீவரின் பாரம் குறையாது. ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து சப்புக்கு வயர் இழுத்தாலும், ரிசீவர் பழையபடி முழுப் பாஸையும் புக்ஷெல்ஃபுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பாஸை மெயின் இன்னுக்கு முன்பே வெட்ட வேண்டும்.

உங்களிடம் அதற்கான வாசல் இருக்கிறது. ஜம்பரைக் கழற்றிவிட்டு, ப்ரீ அவுட்டை ஒரு Y வயரில் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று சப்வூஃபரின் லைன் இன்னுக்கு. மற்றது சீரிஸில் ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாக மெயின் இன்னுக்கு. 50 கிலோஓம் இன்புட்டில் 80 ஹெர்ட்ஸுக்கு 0.039 மைக்ரோஃபாரட் வரும். ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபெல் என்ற மென்மையான சரிவுதான். 40 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் குறையும், அந்த இடத்தில் ரிசீவர் தர வேண்டிய பவர் ஐந்தில் ஒரு பங்காகும். வூஃபரின் அசைவும் பாதிக்குக் கீழே அடங்கும்.

கெப்பாசிட்டர் 63 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன், 5 சதவீதத் துல்லியம், இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்பு. ஆர்சிஏ பிளக்கின் உள்ளேயே சாலிடர் செய்து, மேலே ஹீட்ஷ்ரிங்க் போட்டுவிடலாம். ஷீல்டு கிரவுண்டு அறுபடாமல் தொடர வேண்டும், இல்லாவிட்டால் ஹம் வரும். இந்த வயர்களை மாட்டும்போதும் கழற்றும்போதும் ரிசீவரும் சப்பும் இரண்டும் அணைந்திருக்கட்டும். சப்பின் கிராஸோவர் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் ஒலிக்க வேண்டும் என்று வைப்பது) 70-இல் தொடங்கி, ஒரு முறை ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் போட்டு, 80 ஹெர்ட்ஸ் பக்கம் எந்த நிலையில் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.